லடாக் வரலாற்று நூலடுக்குக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

லடாக்கின் வரலாற்றைப் படிக்க என்னென்ன நூல்கள், எந்த வரிசையில், எந்தப் பதிப்பில் என்ற பட்டியல் முடிந்தது. நூல்களும் அடுக்கில் ஏறிவிட்டன. உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே நீங்கள் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். இனி இந்த நூல்களைத் தொடுகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி லடாக்கின் தலைநகர் லேயில் பழைய புத்தகம் விற்கும் பெரியவருக்கு. நாங்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு வரியை அடித்துவிட்டு, "இதற்கு இரண்டாம் முறை காசு கொடுக்காதீர்கள்" என்று எழுதி அனுப்பினார். மிஷனரியும் ஆய்வாளருமான ஃபிராங்கே 1907இல் லண்டனில் வெளியிட்ட 'எ ஹிஸ்டரி ஆஃப் வெஸ்டர்ன் திபெத்' நூல்தான் 1977இல் கெர்கன், ஹஸ்னைன் இருவரின் குறிப்புகளோடு 'எ ஹிஸ்டரி ஆஃப் லடாக்' என்று மறுபதிப்பானது. தலைப்பு வேறு என்பதால் நூலக அட்டவணைகளில் இரண்டு தனி நூல்களாக உட்கார்ந்திருக்கும். மறுபதிப்பு வாங்குமுன் முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியை இரண்டிலும் ஒப்பிட்டால் போதும், குட்டு உடைந்துவிடும்.

அவர் அடித்த அந்த ஒற்றைக் கோடு எங்களுக்குப் பெரிய பாடமாயிற்று. லடாக் வரலாற்றில் பத்து நூல் வைத்திருப்பவரிடம் பத்துச் சாட்சிகள் இருப்பதாகச் சொல்ல முடியாது. முடியாட்சிக் காலத்தைப் பற்றி எழுதியவர் யாராக இருந்தாலும் கடைசியில் போய் நிற்பது 'லதக் க்யல்ரப்' என்ற அரசர் வரலாற்றுச் சுவடியில்தான். இதை எங்களுக்குப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மன் தெரிந்த நண்பர். ஜெர்மன் பயணி ஹெர்மன் ஷ்லாகிண்ட்வைட் 1856இல் லேயிலிருந்து கொண்டுபோன நகலை, அவர் தம்பி எமில் ஜெர்மனில் பெயர்த்து 1866இல் அச்சிட்டார். அந்த நகல் 17ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. அடுத்து கார்ல் மார்க்ஸ். பெயரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். இவர் லேயில் வைத்தியம் பார்த்த மொரேவிய (ஒரு புராட்டஸ்டன்ட் சபை) மிஷனரி, 1891இல் அங்கேயே இறந்தவர். இவர் வேறு பிரதிகளைக் கொண்டு செய்த மொழிபெயர்ப்பு, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1891 முதல் பகுதி பகுதியாக வந்தது. அதன் பின் 1926இல் ஃபிராங்கேயின் 'ஆன்டிக்விட்டீஸ் ஆஃப் இந்தியன் திபெத்' இரண்டாம் தொகுதி. அதில் திபெத்திய மூலமும் ஆங்கிலமும் பாடபேதங்களும் சேர்ந்து இருக்கின்றன.

மூன்றும் ஒரே சுவடிக் குடும்பம். ஓலைச்சுவடிப் பதிப்புகளோடு பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. அடிக்குறிப்பில் பிரதிகளுக்கு ஏ, பி, சி, எஸ், எல் என்று எழுத்து போட்டிருப்பார்கள். எந்தச் செய்தி எந்த எழுத்தில் மட்டும் வருகிறது என்று பார்க்காமல் ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்டாதீர்கள். ஜம்முவின் டோக்ரா அரசருடைய படை, தளபதி ஜொராவர் சிங் தலைமையில் 1834இல் லடாக்கில் புகுந்தது; இந்த டோக்ரா படையெடுப்பைப் பற்றிய விரிவான பகுதி சி பிரதியில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்த பகுதி அது.

அந்தக் குடும்பத்துக்கு வெளியே நின்று பேசுபவை சிலவே. ஆகையால் அவற்றைத் தேடித் தந்தவர்களுக்குக் கூடுதல் நன்றி. ஆங்கிலேயப் பயணி மூர்கிராஃப்ட் 1820 முதல் 1822 வரை லடாக்கில் இருந்தவர், அதாவது ஜொராவர் சிங் வருமுன். அவரும் உடன் சென்ற டிரபெக்கும் எழுதிவைத்ததை வில்சன் பதிப்பித்து 1841இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதிய இருவரும் அப்போது உயிரோடு இல்லை. வில்சன் வெட்டிச் சுருக்கியிருக்கிறார் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரி கன்னிங்ஹாமின் 1854ஆம் ஆண்டு நூலில், படையெடுப்பில் கலந்துகொண்ட டோக்ரா அதிகாரி பஸ்தி ராம் சொன்ன விவரம் இருக்கிறது. சுவடி தோற்றவர் பக்கம், இது வென்றவர் பக்கம். 1834ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு இரண்டையும் அருகருகே திறந்துவைத்துப் படிக்கலாம்.

ஆம்பூரைச் சேர்ந்த உருது ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஹஷ்மதுல்லா கானின் 'தாரிக்-இ-ஜம்மு' 1939இல் உருதுவில் வந்தது. லே அரண்மனை எழுதாத பூரிக், கார்கில், பல்திஸ்தான் குறுநில அரசர்களின் வம்சங்கள் அதில்தான் கிடைக்கின்றன. ஆங்கில நூல்களை மட்டும் படிப்பவருக்கு லடாக் என்றால் லேயும் மடங்களும்தான் என்ற எண்ணம் வந்துவிடும். ஆசிரியர் அத்தியாயத் தலைப்புகளையும் பெயர்களையும் தமிழில் எழுதித் தந்தார். உருது எழுதப்படும் நஸ்தலீக் எழுத்தில் ஒரு புள்ளி தேய்ந்தால் ஊரே மாறிவிடும் என்பதால், ஐயமுள்ள இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அவற்றை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

பெயர்களில் நாங்கள் திணறியபோது வந்து உதவியது சென்னையில் படிக்கும் லடாக்கி மாணவி. திபெத்தியச் சொல்லில் முன்னெழுத்துகள் எழுத்தில் இருக்கும், லே பேச்சில் பெரும்பாலும் ஒலிக்காது. நம்க்யல் என்ற அரச பட்டத்தை ரோமனில் எழுதும்போது 'என்'னுக்கு முன்னால் சின்னதாக ஒரு 'ஆர்' நிற்கும். அதை நம்பி 'ஆர்' வரிசையில் தேடினால் அகராதியில் கிடைக்காது. பெரிய எழுத்தில் இருக்கும் 'என்'தான் வேர் எழுத்து, அகராதி வரிசை அதன்படிதான். ஃபிராங்கே, இத்தாலிய வரலாற்றாசிரியர் பெடெக் போன்றவர்கள் வேர் எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டது இதற்காகத்தான். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் போடும் புதிய நூல்களில் இந்தக் கைகாட்டி இல்லை. கல்சி, கலட்சே, கல்ட்சே மூன்றும் ஒரே ஊர் என்பதையும் அவர்தான் சொன்னார். அங்கே சிந்து நதிக்கரைப் பாறையில் கரோஷ்டி என்ற பழங்கால எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுவடிக்கும் முந்தைய காலத்துக்குக் கல்தான் ஆதாரம்.

இனி பஞ்சாங்கம். சுவடியிலும் கல்வெட்டிலும் ஆண்டுகள் 'மர ஆண் குதிரை', 'இரும்புப் பெண் எருது' என்றுதான் வரும். இதைக் கிறிஸ்து ஆண்டாக்கத் தனி அட்டவணை தேடிக்கொண்டிருந்தோம். மயிலாடுதுறையிலிருந்து ஒரு ஜோதிடர், "உங்கள் வீட்டுப் பஞ்சாங்கமே போதுமே" என்று எழுதினார். சரியாகச் சொன்னார். திபெத்தியரின் 60 ஆண்டுச் சுற்றுக்குப் பெயர் ரப்ஜுங். பிரபவ என்பதன் மொழிபெயர்ப்பே அது. முதல் சுற்று 1027இல் தொடங்கியது. நம் பிரபவவும் அதே ஆண்டுகளில்தான் விழும். கடைசியாக வந்தது 1987. ஆகவே ஜய வருடம் என்றால் மரக்குதிரை: 1834, 2014. ஜொராவர் சிங் கொல்லப்பட்ட 1841 பிலவ, அதாவது இரும்பு எருது, 2021உம் அப்படியே.

பஞ்சாங்கம் கையில் இல்லையென்றால் ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 4, 5 மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். 0, 1 இரும்பு. 2, 3 நீர். இரட்டைப்படை ஆண், ஒற்றைப்படை பெண். விலங்குக்கு ஆண்டை 12ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 4 எலி, 5 எருது, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு, 0 குரங்கு, 1 பறவை, 2 நாய், 3 பன்றி.

தவறு நேர்வது மாதக் கணக்கில். திபெத்திய ஆண்டு பிப்ரவரி, மார்ச் வாக்கில் பிறக்கும்; நம் வருடம் சித்திரையில். நடுவிலுள்ள வாரங்களில் இரண்டு பெயர்களும் ஒத்துப்போகா. ஜனவரி நிகழ்ச்சியை அந்த ஆண்டின் விலங்கோடு சேர்த்தாலும் பிழைதான். லடாக்கில் லோசர் என்ற புத்தாண்டுப் பண்டிகை திபெத்தைவிட ஏறத்தாழ இரண்டு மாதம் முந்தி வருவதால், 'லோசருக்குப் பின்' என்ற குறிப்பை மட்டும் வைத்து நாள் குறிக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கு இவ்வளவு முக்கியமா என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: லடாக்குக்கும் திபெத்-மங்கோலியப் படைக்கும் நடந்த பாஸ்கோ போர். ஃபிராங்கே அதை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வைத்தார். பெடெக் ஐந்தாம் தலாய் லாமாவின் வாழ்க்கை வரலாறு முதலான வெளிச்சான்றுகளோடு ஒப்பிட்டு அந்தப் போரை 1679க்கும் 1684க்கும் இடையே கொண்டுவந்தார். அதை முடித்துவைத்த டிங்மோஸ்காங் உடன்படிக்கை 1684 என்பது அப்படித்தான் நிலைபெற்றது. பழைய நூலை மட்டும் படித்தால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். அதனால் எங்கள் வரிசை இது: முதலில் ஜேனட் ரிஸ்வியின் 'லடாக்: கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ஹை ஏஷியா', முடிந்தால் 1996ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு. பிறகு பெடெக்கின் 1977ஆம் ஆண்டு நூல். 950 வாக்கில் தொடங்கி 1842 வரை செல்லும். பக்கத்திலேயே ஃபிராங்கேயின் 1926. அவருடைய 1907ஐக் கடைசியில் படியுங்கள். நடை சுவையானது, அதுதான் ஆபத்து.

வரைபடங்களை மீட்டுத் தந்த நூலகருக்குத் தனி நன்றி. இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளில் மடித்த வரைபடத்தை விரிக்காமலே படம் எடுத்திருப்பார்கள். ஒரு மூலையும் மடிப்புக் கோடும்தான் தெரியும். அவர் மூலநூலைத் திறந்து, மடிப்பு கிழியாமலிருக்க அடியில் அட்டை கொடுத்து, ஒவ்வொரு வரைபடத்தையும் நான்கு பகுதிகளாகப் படம் பிடித்து அனுப்பினார். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுத்ததால் ஒட்டுவது சுலபமாயிற்று.

பிரிண்ட் எடுத்த தொகுதிகளைத் தைத்துக் கொடுத்த பைண்டர் அண்ணனுக்கும் நன்றி. வரைபடங்களை உள்ளே சேர்த்துத் தைக்காமல் பின்னட்டையில் பை வைத்துப் போட்டிருக்கிறார். படிக்கும்போது வெளியே எடுத்துப் பக்கத்தில் விரித்துக்கொள்ளலாம். திருப்பி வைக்கும்போது நான்கு தாளும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்.

நன்றியுடன்,
லடாக் நூற்பட்டியல் தொகுத்தவர்கள்