மாதிரிப் புகையிரதம்: ஞாயிறன்று முதலாவது ஓட்டம்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

1:87 அளவில், அதாவது உண்மை அளவின் 87இல் ஒரு பங்காக, நாம் கட்டிவரும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் நிறைவடையும் நிலையில் இருப்பதால், எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு, பண்டாரவளையில் நாம் வழமையாகக் கூடும் மண்டபத்தில் முதல் ஓட்டம் நடைபெறும்.

1. உண்மைப் பாலம் சுமார் 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் உடையது என்பதால், நம்முடையது ஏறக்குறைய 105 சென்ரிமீற்றர் நீளமும் 28 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். நிறம் தீட்டுவோர் மழைக்கறையும் பாசியும் தெரியும்படி பொறுமையாகத் தீட்டுங்கள். பாலத்துக்கு உயிர் கொடுப்பது அதுவே.

2. தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால், அதன் வழியாக எஞ்சினுக்குச் செல்லும் மின்சாரம் தடைப்படும். உங்கள் தண்டவாளத் துண்டுகளையும் எஞ்சின் சக்கரங்களையும் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் கொண்டுவரவும்.

3. வருவோர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தமது பெயரையும், கொண்டுவரும் எஞ்சினையும் இங்கே பதிவிடவும்.