புயல் கடந்த மறுநாளுக்கு ஊர்கள் ஆயத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் மாவட்டந்தோறும் ஆய்வுக் கூட்டங்கள் நடப்பதும், மணல் மூட்டைகளும் மரம் அறுக்கும் இயந்திரங்களும் தயார் நிலையில் உள்ளதாகச் செய்திகள் வெளிவருவதும் வழக்கம். அவை தேவையானவையே. ஆயினும், 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, எங்கள் பகுதியைச் சிதைத்துச் சென்ற கஜா புயலை நேரில் கண்டவன் என்ற முறையில், அந்த ஆயத்தங்களில் தொடர்ந்து விடுபட்டுப்போகும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். பேரிடரின்போது உயிரைக் காப்பதற்கு நாம் பெருமளவு கற்றுக்கொண்டுவிட்டோம். அதற்கு மறுநாளிலிருந்து ஓர் ஊர் தன் சொந்தக் காலில் நிற்பதற்கு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நமக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோரை இழந்தோம். அதன் பிறகு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007இல் செயல்படத் தொடங்கியது. புயல் கணிப்பும் மேம்பட்டது. கஜா வருவதைப் பல நாள்களுக்கு முன்பே வானிலை ஆய்வு மையம் சொல்லிவிட்டது; எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அப்படியும் பலர் உயிரிழந்தது வேதனைக்குரியது என்றாலும், முன்னறிவிப்பு இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விடிந்த பிறகு நடந்தது வேறு. அப்போது நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில்தான் ஓட்டு வீட்டினரும் கூரை வீட்டினரும் அன்றிரவு தங்கியிருந்தனர். காலையில் வெளியே வந்தபோது சாலை தெரியவில்லை. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இயந்திரங்கள் வருவதற்குள் ஊர் இளைஞர்களே அரிவாளும் கோடரியும் கொண்டு பிரதான சாலை வரை வழியை வெட்டித் திறந்தார்கள். சோற்றுக்கும் எப்படியோ வழி பிறந்தது. தண்ணீருக்குத்தான் வழி இல்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் இருந்தது ஒரே நாளில் தீர்ந்தது. மின் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததால் மோட்டார் ஓடவில்லை. டெல்டா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்திருந்த நிலையில், இரவு பகல் பாராமல் உழைத்த மின்வாரியத் தொழிலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் உட்கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் கேட்ட வாடகையைக் கொடுக்க முடிந்த தெருக்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. கொடுக்க முடியாத தெருக்கள் காத்திருந்தன.

எங்கள் பள்ளியின் பின்புறம் பல ஆண்டுகளாக எவரும் தொடாத அடிபம்பு ஒன்று இருந்தது. மூன்றாம் நாள், சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதைக் கழற்றி, பழைய டயரில் வாஷர் வெட்டிப் போட்டு ஓடச் செய்தார். அடுத்த பத்து நாள்களுக்கு அந்தப் பம்புதான் இரண்டு தெருக்களுக்குக் குடிநீர். மோட்டார்கள் வந்தபின் அடிபம்புகளைத் தேவையற்றவை என்று நாம் கைவிட்டோம். அவற்றில் ஒன்றாவது பழுதுபார்க்கப்பட்டிருந்தால் முதல் நாளே பெண்கள் குடத்தோடு இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்புக்கு ஓர் அடிபம்பு, சில ஊராட்சிகளுக்குப் பொதுவாக ஒரு ஜெனரேட்டர், அதை இயக்கவும் பழுது நீக்கவும் தெரிந்தவர்களின் பட்டியல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு வாரம் லாரியில் தண்ணீர் கொண்டுவரும் செலவைவிடப் பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் ஒரு மாதத்துக் கவலை. தென்னை பல ஆண்டுக் கவலை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்பு என்பது நிலத்தின் மேல் நிற்கும் சேமிப்பு. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அதை நம்பியே இருந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் இழப்பீட்டை அரசு அறிவித்தது. நெட்டை இரகத் தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும் என்பதை ஒவ்வொரு விவசாயியும் அன்றே கணக்கிட்டுவிட்டார். அவராவது அரசுப் பட்டியலில் இருந்தார். மரம் ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்து குடும்பம் நடத்திய பெண், கயிற்றுத் தொழிற்கூடத்தில் தினக்கூலி பெற்றவர் ஆகியோர் தங்களுக்குச் சொந்தமான மரம் எதையும் இழக்கவில்லை. ஆகவே மரக் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்களில் பலர் திருப்பூருக்குப் போனார்கள். எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் குறைந்தன.

அதே காற்றில் பனைகள் நின்றன. இதை எங்கள் பகுதியில் எல்லோரும் பார்த்தோம். அதைப் பார்த்த பிறகும் பலர் மீண்டும் தென்னையை மட்டுமே நட்டோம், ஏனெனில் எங்களுக்குத் தெரிந்த சந்தை அதற்குத்தான் இருந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல தொடக்கம். வரப்பில் பனை, தோப்பின் ஓரத்தில் காற்றைத் தாங்கும் மரங்கள், தென்னைக்கிடையே ஊடுபயிர், ஒவ்வொரு தோப்புக்கும் மரக் காப்பீடு என்பவற்றை வேளாண்மைத் துறை ஊர் ஊராக உட்கார்ந்து பேசிச் செயல்படுத்த வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் கஜாவுக்கு முன்பே இருந்தது. எங்கள் ஊரில் அதில் சேர்ந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒடிசாவின் அனுபவம் நமக்கு உதவும். 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் கடலோரம் எங்கும் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டி, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடமே கொடுத்து, மற்ற நாள்களில் பள்ளியாகவும் பொதுக்கூடமாகவும் புழங்கச் செய்தார்கள். 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தபோது சுமார் 12 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். உயிரிழப்பு நூறைக்கூட எட்டவில்லை. ஆனால் அங்கும் புரி நகரம் மின்சாரமின்றி வாரக்கணக்கில் தவித்தது. உயிர் காக்கும் ஏற்பாடும், வாழ்க்கையை மீட்கும் ஏற்பாடும் வெவ்வேறு என்பது அங்கேயும் தெரிந்தது. நம் கடலோரத்தில் கட்டப்பட்டுள்ள பல்நோக்குப் பேரிடர் மையங்களையும் அந்தந்த ஊர் மக்கள் ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் புயல் நாளில் தேடக் கூடாது.

நிதி இல்லை என்ற பதிலை இப்போது முழுமையாக ஏற்க இயலாது. 15ஆவது நிதிக் குழு, மாநிலங்களின் பேரிடர் நிதியை 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பிரித்தளித்தபோது, மீட்பு, நிவாரணத்துக்கு 40 விழுக்காடும், மறுசீரமைப்புக்கு 30 விழுக்காடும் ஒதுக்கியதோடு நில்லாமல், ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் 10 விழுக்காட்டையும், பாதிப்பைத் தணிக்கும் பணிகளுக்கு 20 விழுக்காட்டையும் தனியே ஒதுக்கியது. அதில் ஒரு பங்கு ஊராட்சி வரை இறங்கி வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு இது எட்டாம் மாதம் என்பது மகளிர் சுய உதவிக் குழுவினருக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைக் கொண்டே அந்தப் பட்டியலைப் புதுப்பித்து, பள்ளி மாணவர்களோடு சேர்ந்து ஒத்திகையும் நடத்தலாம்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை விவாதிக்கும்போது, பத்து நாள்கள் மின்சாரம் இல்லாவிட்டால் இந்த ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வரும் என்ற ஒரு கேள்வியைக் கட்டாயப் பொருளாகச் சேர்த்து, அதற்கான விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு ஊரக வளர்ச்சித் துறை எல்லாக் கடலோர மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்