லமினேட் பண்ணித் தா தம்பி

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இந்தக் காலத்திலும் கனடாவிலிருந்து பேனையால் எழுதி முத்திரை ஒட்டி அனுப்புகிற ஆளும் இருக்கிறாரோ என்று தபால்காரர் சிரித்துக்கொண்டே தந்தார். பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் சொல்ல வெளிக்கிட்டால் பொய்தான் சொல்லவேண்டி வரும். விடு.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ, ஆனால் கோயில் என்றால் மட்டும் நோ இல்லை. சின்னவள் ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். காலபோக நெல் வெட்டு முடிந்து வயலெல்லாம் ஒட்டு மட்டும் நிற்கிறது. அருவி வெட்டுப் படம் எடுக்கலாம் என்று ஒருநாள் விடியப்புறம் போய் வரம்பில் நின்றேன். அரிவாளோடு ஒருவரும் வரவில்லை. வெட்டு மெசின் வந்தது, காலைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனது. கடைசியில் மெசின் ஓட்டின பெடியனை எடுத்துக்கொண்டு வந்தேன். தலையில் துவாய், மூக்கு வரைக்கும் புழுதி. நல்ல படம்.

இனி ஒரு கெட்ட செய்தி. நீ போனமுறை வந்தபோது விட்டுப்போன 50 மில்லிமீற்றர் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மாரி முழுக்கத் தோல் பையோடு அலுமாரிக்குள் கிடந்தது, திறந்து பார்க்கவில்லை. தை மாதம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி ஓடியிருக்கிறது. தோல் பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று பிறகுதான் விளங்கியது. இப்போது கமராவையும் மிச்ச லென்ஸையும் மூடி இறுகின பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியில், மருந்துப் போத்தல்களுக்குள் வருகிற அந்தச் சின்ன உப்புப் பைகளோடு (உப்பில்லை, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்) வைத்திருக்கிறேன். லென்ஸ் இன்னும் வேலை செய்கிறது. வெயிலைப் பார்த்து எடுத்தால்தான் படம் கொஞ்சம் வெளிறுகிறது. திட்டுவதென்றால் அடுத்த கடிதத்தில் திட்டு.

அப்புறம் உன் கேள்வி. "நீ அனுப்புற படம் எல்லாத்திலயும் ஆக்கள் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைச்சுக்கொண்டு நிற்கினம். முந்தி எடுத்த இரணைமடு, சுண்டிக்குளம் எல்லாம் எங்க?" என்று எழுதியிருந்தாய். வாசித்தவுடன் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, நியாயமான கேள்விதானே என்று பட்டது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரணைமடுக் குளக்கட்டில் செக்கல் நேரம் எடுத்த படங்கள் என்னிடம் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறாய்? முந்நூறுக்கு மேல். எல்லாம் ஒரே படம். பட்ட மரம், தண்ணீர், சிவப்பு வானம், ஒரு கொக்கு. சுண்டிக்குளத்தில் பூநாரைகளுக்காக முழங்கால் சேற்றில் நின்றிருக்கிறேன். 2015இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு தெற்கிலிருந்து என் கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். அவர்களோடு போட்டி போட என்னால் ஏலாது, விருப்பமும் இல்லை. கிளிநொச்சியில் ஏ9 றோட்டோரம், சண்டையில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி ஞாபகம் இருக்கும். சுற்றுலா வருகிற ஆக்கள் பஸ்ஸில் வந்து இறங்கி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் குளிர்பானமும் குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அவர்கள்மேல் எரிச்சல் வரும். ஒருநாள் யோசித்துப் பார்த்தால் நானும் முல்லைத்தீவுக் கடற்கரையில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

போன ஆடியில் நடந்ததைக் கேள். கரைவலை இழுக்கிறார்கள். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரம் வைத்தும் இழுக்கிறார்கள், அன்றைக்குக் கையால்தான். நான் தூரத்தில் மீன்வாடி ஓரமாகப் பதுங்கிப் பெரிய லென்ஸைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அண்ணை பார்த்துவிட்டார். "அங்கால நிண்டு கள்ளன் மாதிரி எடுக்காத. கிட்ட வா." போனேன். கயிற்றைக் கையில் தந்தார். "முதல்ல இழு. பிறகு எடு." பத்து நிமிடம் இழுத்ததில் உள்ளங்கை எரிந்து, பிறகு எடுத்த படம் எல்லாம் கை ஆடி ஆடித்தான் விழுந்தது. ஆனால் அந்தப் படங்களில்தான் அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள்.

இனி ஆச்சியின் கதை.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனேன். சிலாவத்தையில் கடல் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்களே, அந்த விளக்கை ஒழுங்காக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று பல வருட ஆசை. சனத்துக்குள் அதுவும் சரிவரவில்லை. திரும்பி வருகிற வழியில் தண்ணி கேட்டு ஒரு வளவுக்குள் போனேன். அங்கே ஒரு ஆச்சி. எண்பதுக்கு மேல் இருக்கும். கமராவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "உதைக் கழுவித் தருவியோ?"

கழுவித் தருவியோ! ஸ்ரூடியோவில் படம் கழுவின காலத்தோடு அந்தச் சொல் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

தருவேன் என்றேன். உள்ளே போய் வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். பேரப்பெட்டையைக் கூப்பிட்டு, "கதிரையைக் கொண்டு வா" என்றார். கதிரையில் இருக்கவில்லை. அதன் முதுகில் ஒரு கையை வைத்து, மற்றக் கையை நேரே தொங்கவிட்டு, நாடியை நிமிர்த்தி நின்றார். நான் வழக்கம்போல, "ஆச்சி, சும்மா கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ, இயல்பா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். "கதைக்கிறதை வேறொரு நாள் கதைப்பம். இப்ப எடு."

எடுத்தேன். ரவுணில் ஒரு கடையில் 8க்கு 10 அங்குல அளவில் போடக் கொடுத்தேன். என் பிழை அங்கேதான். கமராப் படம் 3க்கு 2 அளவு, 4க்கு 6இலும் 8க்கு 12இலும் முழுதாக விழும். 8க்கு 10 என்றால் நீளப்பக்கத்தில் இரண்டு அங்குலம் வெட்டுப்படும். கடைக்காரர் கேளாமல் கீழ்ப்பக்கம் வெட்டிவிட்டார், நானும் பார்க்காமல் உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, முடிவில் நின்றார்.

"என்ர கால் எங்க?"

நான் கடை, அளவு என்று ஏதோ விளக்கினேன். "தம்பி, எத்தினை தரம் இடம்பெயர்ந்து ஓடின கால் இது. எனக்கு ரெண்டும் மிஞ்சிக் கிடக்கு. அதை வெட்டிப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறாய்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வளவு அண்ணைக்கு ஒரு பக்கம் பொய்க்கால். அவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தன்னை எடுக்கச் சொல்லும்போது நெஞ்சில் கையை வைத்து, "எனக்கு இதோட காணும்" என்று அளவும் காட்டினார். இரண்டு படமும் அவர்கள் சொன்னபடியே எடுத்தேன், ஆச்சிக்கு 8க்கு 12.

அன்றையிலிருந்து ஒரு பழக்கம். யாரை எடுத்தாலும் முதல் படம் அவர்கள் கேட்கிற மாதிரி. நேரே பார்த்து, விறைத்து, பொத்தானெல்லாம் பூட்டி. இரண்டாவது, பொறுமை இருந்தால், எனக்கு. உனக்கு அனுப்பினது எல்லாம் முதல் படம். எனக்கென்று எடுத்த அந்த இரண்டாவது படங்களை இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை, பார்க்கப் பார்க்க அவற்றில் ஒரு களவு தெரிகிறது.

அடையாள அட்டை என்று நீ எழுதினாய். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 மாசி 20ஆம் திகதி போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள் அல்லவா. நான் அங்கே ஒருநாளும் கமராவோடு போனதில்லை. ஆனால் அவர்கள் கையில் வைத்திருக்கிற படங்களைப் படமெடுக்கிறவனின் கண்ணோடு பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூடுதலாக அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்தது, புள்ளி புள்ளியாகக் கலங்கியது. எல்லாம் நேரே பார்க்கிற முகம். இரண்டு காதும் தெரியும். பக்கவாட்டில் திரும்பி, பின்னுக்கு மங்கல் அடித்து, கலையாக எடுத்த படம் ஒன்றுகூட அங்கே இல்லை. அப்படி எடுத்திருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து இன்ன பிள்ளை என்று காட்ட ஏலுமா?

சரி, இதை இத்தோடு விடுகிறேன். நீ இரவில் வாசிக்கிற ஆள்.

வெளிச்சத்தைப் பற்றி எழுதுகிறேன், அதுதான் எனக்குச் சந்தோசமான விசயம். ஆச்சியின் முதல் படத்தில் சேலை அழகாக விழுந்திருந்தது, முகம் கரிச்சட்டி. கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளைச் சேலையைக் கண்டால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்து முழுப்படத்தையும் இருட்டாக்கிவிடும். கறுத்த வாசலுக்கு முன்னால் நிற்பாட்டினால் நேர்மாறு, எங்கள் நிறம் சாம்பல் பூசின மாதிரி வெளிறிப்போகும். இரண்டும் எங்கள் நிறமில்லை. இப்போது முகத்தை மட்டும் அளந்து எடுக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கம் முற்றத்து வெள்ளை மணலே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் ஏற்றிவிடும், வேறொன்றும் வேண்டாம். செம்மண் வளவென்றால் நாடியில் ஒரு சிவப்பு ஏறும். முதலில் அதைக் கொம்பியூட்டரில் திருத்துவேன். இப்போது விட்டுவிடுகிறேன், அந்த மண்ணில் இருக்கிற ஆளுக்கு அந்த நிறம்தானே. உன் லென்ஸை 1.8இல் முழுக்கத் திறந்து எடுக்கிற ஆசையும் போய்விட்டது. ஒரு கண் தெளிவாகவும் மற்றக் கண் மங்கலாகவும் வந்த படத்தைப் பார்த்து ஒருவர், "தம்பி, எனக்கு இடக்கண்ணிலதான் வெள்ளை, நீ வலக்கண்ணை மறைச்சிருக்கிறாய்" என்றார். இப்போது 4, 5.6 என்ற அளவுக்குக் கீழே போவதில்லை.

இன்னொன்று. படத்தைக் கையில் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது, "லமினேட் பண்ணித் தா தம்பி." நான் வாதாடுவேன். சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்ரிக் ஒருநாளும் கழராது, காலம் போகப் படத்தைக் கெடுக்கும், பாதுகாக்கத் தெரிந்தவர்கள் செய்யவே மாட்டார்கள் என்றெல்லாம். கண்ணாடிச் சட்டம் போடுங்கள் என்பேன்.

2018 மார்கழி வெள்ளம் உனக்குத் தெரியும். இரணைமடுக் கதவுகள் திறந்து, கண்டாவளைப் பக்கம் சனம் இரவோடிரவாக வெளியேறியது. தண்ணீர் வற்றின பிறகு சித்தி வீட்டுக்குப் படங்களைப் பார்க்கப் போனேன். அல்பம் முழுக்க ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. படத்தின் மேலே உள்ள பசை தண்ணீரில் ஊறினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அப்படியே காய்ந்தால் பிறகு பிரிக்கவே ஏலாது. நல்ல தண்ணீர் வாளியில் போட்டு, ஒவ்வொன்றாக மெல்ல விலக்கி, நிழலில் முகம் மேலே பார்க்கக் காயவைத்தோம். பாதி தப்பியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கலியாணப் படம் கண்ணாடியோடு ஒட்டி, இழுக்க முகம் கண்ணாடியில் வந்துவிட்டது. சிறிய ஒரு லமினேட் படம் மட்டும் சேற்றுக்குள் கிடந்தது. சித்தி சேலைத் தலைப்பால் துடைத்தார். சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார், 1980களின் தலைமயிரோடு.

இப்போது நான் வாதாடுவதில்லை. ஒரு பிரதி லமினேட் பண்ணிக் கொடுக்கிறேன், மூலத்தை இரண்டு இடத்தில் சேமித்து வைக்கிறேன். லமினேட் மெசின் ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன், மனிசிக்கு இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு காரியம் கேட்கவேண்டும். 1997இல் ஸ்கந்தபுரத்தில், மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்த காலத்தில், எல்லோரையும் நிற்பாட்டி ஒரு படம் எடுத்தார்களே. பட்டறி தட்டுப்பாடு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அந்த நேரத்தில் ஒருவர் கமராவோடு வந்ததே அதிசயம். என் பிரதி 2009 சண்டையில் போன சாமான்களோடு போய்விட்டது. உன்னுடையதை உன் அம்மா முதலே கொழும்புக்கு அனுப்பியிருந்தார் என்று ஒருமுறை சொன்னாய். அது இருந்தால் போனில் பிளாஷ் அடித்து எடுக்காதே, நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். ஸ்கானர் உள்ள கடையில் அங்குலத்துக்கு 600 புள்ளியில் போடச் சொல்லு. கடை இல்லையென்றால் மேசையில் வைத்து, பக்கத்து யன்னல் வெளிச்சத்தில், நேர் மேலேயிருந்து எடு. ஓரம் முழுக்க விழவேண்டும், ஒன்றையும் வெட்டாதே. முன்வரிசையில் நான் வெறுங்காலோடு நிற்கிறேன் என்று ஞாபகம், உன் காலில் செருப்பு. பின்வரிசையில் நின்ற நாலைந்து பேரின் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு 4க்கு 6 போட்டுக் கொடுக்கவேண்டும்.

வரும்போது அந்த உப்புப் பைகள் கொஞ்சம் கொண்டுவா. புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்குமே, எறியாமல் சேர்த்து வை.

இப்படிக்கு,
உன் கட்டையன்