ரோமர் 13 பற்றி டேவிட்டுக்கு

டூசான், அரிசோனா
அக்டோபர் 19, ஞாயிறு இரவு

அன்புள்ள டேவிட்டுக்கு,

ஸ்தோத்திரம். நாலு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. நீ கோபமாக இருப்பாய், நியாயம்தான். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உபதேசியார் மகளுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது, அசனத்தன்று மழை வரவில்லை, எல்லாம் ஜெயா போனில் சொன்னாள். அசனத்தில் சாம்பார் வாளி யார் கையில் என்பதையும் சொன்னாள். நீ திருந்தவே மாட்டாய். இங்கே மகள், மருமகன், பேரன் எல்லோரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒன்று நடந்தது. அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன்னிடம் சொன்னால்தான் அடங்கும்.

மகள் போகிற சபையில் 84 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். வாரம் ஒரு நாள் பாலைவனத்துக்குப் போய்த் தண்ணீர் டிரம்களை நிரப்பிவிட்டு வருவார். எல்லை தாண்டி நடந்து வருகிறவர்களுக்காக. உதவிக்கு ஆள் வேண்டும் என்றார்கள், நானும் வண்டியில் ஏறிவிட்டேன். நம் தேரிக்காடு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. கல்லும் முள்ளும், சின்னப் பனை உயரத்துக்கு நிற்கிற கள்ளியும்தான். ஓர் இடத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் நீல பிளாஸ்டிக் டிரம், அடியில் குழாய், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி உயரமான கம்பத்தில் நீலக் கொடி. அந்த அம்மா குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகுதான் என்னை ஊற்றச் சொன்னார்.

பக்கத்து ஓடையில் ஒரு செருப்பு உறை கிடந்தது. அடிப்பாகத்தில் தரை விரிப்பை வெட்டித் தைத்திருந்தது. மணலில் தடம் பதியாமலிருக்க ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்வார்களாம். ஒன்றுதான் இருந்தது. ஜோடியைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. முப்பது வருஷம் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான், அளவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் கால். அந்த அம்மா அதை எடுத்து டிரம் சட்டத்தின் மேல் வைத்தார். தேடி வந்தால் கண்ணில் படட்டும் என்றார்.

1990க்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பாலைவனத்தில் கண்டெடுத்த உடல்கள் மட்டும் 3,000க்கும் மேல், டேவிட்.

திரும்பி வரும்போது அவர் பழைய கதையைச் சொன்னார். 1980 ஜூலையில் மத்திய அமெரிக்காவிலிருக்கிற எல் சால்வடோர் நாட்டிலிருந்து தப்பி வந்தவர்களில் 13 பேர் இதே பாலைவனத்தில் தாகத்தில் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களை டூசான் சபைகள் வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொண்டன. அவர்கள் வாயிலிருந்துதான் அந்த நாட்டில் ராணுவம் என்ன செய்கிறது என்பதே இவர்களுக்குத் தெரியவந்ததாம். அந்த ராணுவத்துக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது இவர்களுடைய அரசாங்கம்.

அடுத்த வருஷம் ஜிம் கார்பெட் என்றொருவர். குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஹார்வர்டில் தத்துவம் படித்துவிட்டு ஆடு வளர்த்தவர், மூட்டுவாதத்தால் கைகால் கோணிப்போனவர். எல்லைக் காவல் பிடித்துக்கொண்டு போன ஓர் எல் சால்வடோர் ஆள் எங்கே என்று குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் போட்டார். அதே பெயரில் முன்னாள் மேயர் ஒருவர் இருந்ததால் அதிகாரி மேயர்தான் என்று நினைத்து விவரத்தைச் சொல்லிவிட்டார். கார்பெட் சிறைக்குப் போய் ஆளைப் பார்த்தார். அவர் சார்பில் பேசுவதென்றால் படிவம் வேண்டும் என்றார்கள். வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அந்த மனுஷனுக்கு வந்த கோபம் அப்புறம் அடங்கவே இல்லை. அவரே ஆட்களை எல்லை தாண்டிக் கூட்டிவர ஆரம்பித்தார்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி, இது உனக்குத்தான். இங்கே சவுத்சைடு பிரெஸ்பிட்டீரியன் சபை, போதகர் ஜான் ஃபைஃப். ஆட்களை ரகசியமாக வைத்துக் காப்பாற்றியது போதும், ஊரறியச் சொல்வோமா என்று சபையைக் கேட்டார். ரகசிய ஓட்டு. 59 பேர் சரி, 2 பேர் வேண்டாம். சுற்றுச்சுவர் விவகாரத்துக்கு மூன்று கூட்டம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? இவர்கள் சிறைக்குப் போகிற விஷயத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 1982 மார்ச் 24 அன்று கோவில் வாசலில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, முகத்தைத் துணியால் மறைத்த ஓர் எல் சால்வடோர் மனுஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது அடைக்கல ஸ்தலம் என்று அறிவித்தார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞருக்கும் முன்கூட்டியே கடிதம் போட்டுத் தெரிவித்துவிட்டார்கள்.

அந்தத் தேதியைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருஷம் முன்பு அதே நாளில் சான் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவை ஓர் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில், பலிபூசை நடத்திக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். முந்தின நாள் பிரசங்கத்தில் அவர் சிப்பாய்களைப் பார்த்துச் சொன்னது இதுதான்: கொல்லாதே என்ற கட்டளைக்கு விரோதமாக ஒரு மனுஷன் உத்தரவு போட்டால் எந்தச் சிப்பாயும் அதற்குக் கீழ்ப்படியத் தேவையில்லை. அடக்குமுறையை நிறுத்துங்கள் என்றும் கேட்டார். மறுநாள் ஆள் இல்லை.

நாற்பது வருஷமாக, பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை வைத்து நீ என் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறாய். ஆற்றுமணலுக்காக ஊர்வலம் போகலாம் என்றபோதும் அதே வசனம். அதிகாரத்துக்குக் கீழ்ப்படி, சபைக்கு எதற்கு அரசியல். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. கார்பெட்டுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் சட்டத்தை மீறவில்லை, காப்பாற்றுகிறோம் என்றார் அவர். 1980இல் இவர்கள் நாட்டிலேயே அகதிகள் சட்டம் போட்டார்கள். மதத்தாலோ இனத்தாலோ அரசியல் கருத்தாலோ துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமாகப் பயப்படுகிறவன் இங்கே அடைக்கலம் கேட்கலாம், உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அவனைத் திருப்பி அனுப்பக்கூடாது. புத்தகத்தில் அப்படி இருக்க, 1984இல் எல் சால்வடோர், குவாத்தமாலா ஆட்கள் போட்ட மனுக்களில் 100க்கு 3கூடத் தேறவில்லை. தேறவிட்டால், நாம் பணம் கொடுக்கிற அரசாங்கம் சொந்த ஜனத்தைக் கொல்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அப்படியானால் மீறியது யார்? அதிகாரத்தில் இருக்கிறவனே தன் சட்டத்தை மிதித்தால், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துத் துடைத்து வைக்கிறவன் கீழ்ப்படியாதவனா? பவுலை வைத்தே எனக்குப் பதில் சொல்லு. சும்மா வசன எண்ணை எழுதி அனுப்பாதே.

அரசாங்கம் விடவில்லை. வேதபாட வகுப்புக்குள்ளேயே ஒலிப்பதிவுக் கருவியோடு உளவாளிகளை அனுப்பியது. ஜெப வேளையில் பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிறவன் உளவாளி என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். 11 பேர் மேல் வழக்கு நடந்தது. எல் சால்வடோரில் நடந்த கொலைகளைப் பற்றியோ, விசுவாசத்துக்காகச் செய்தோம் என்றோ வழக்கில் சொல்லக்கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். 1986 மே மாதம் 8 பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். போதகர் ஃபைஃப் அதில் ஒருவர். மெக்சிகோ பக்கத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் உண்டு. கார்பெட் விடுதலை. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். அதற்குள் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான சபைகளும் யூத ஜெபாலயங்களும் கதவைத் திறந்துவிட்டிருந்தன. சபைகளும் ஒரு வழக்குப் போட்டன. 1991இல் அரசாங்கம் சமரசத்துக்கு இறங்கி வந்து, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மனுக்களைத் திரும்ப விசாரிக்க ஒத்துக்கொண்டது. ஆனால் எல் சால்வடோரில் 1992இல் சண்டை ஓயும்போது 75,000 பேர் செத்துப்போயிருந்தார்கள்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், உங்கள் சபையிலும் அப்போது ஓட்டு எடுத்தார்களா என்று. எடுத்தார்களாம். இவர் வேண்டாம் என்று போட்டாராம். கணவருக்கு அரசாங்க வேலை, மூன்று பிள்ளைகள். தீர்மானம் தோற்றது. அடுத்த வாரம் கோவிலுக்குப் போனபோது பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே கை வரவில்லை என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, வண்டியை மட்டும் ஓட்டினார்.

மகள் என் மேல் கோபமாக இருக்கிறாள். விசாவில் வந்திருக்கிறீர்கள், இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்கிறாள். அவள் பயத்திலும் தப்பில்லை. இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். வரும் சனிக்கிழமையும் அந்த அம்மா கூப்பிட்டிருக்கிறார். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 9 ராத்திரி மதுரையில் இறங்குகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் வேண்டும். சேகரக் கமிட்டியில் நீயே கேட்டு வாங்கு. நான் கேட்டால் தங்கராஜ் மறுபடியும் பனங்கிழங்குக் கதையை எடுப்பான். அந்தச் செருப்பு உறையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன்.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

உன்,
செல்லையா