பதிப்புரிமைக் காலமும் அச்சில் இல்லாத நூல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் கோரி டாக்டரோ, பதிப்புரிமைச் சட்டங்களைத் தளர்த்தக் கோரிப் பல ஆண்டுகளாக வாதாடி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுத்தாளர் ஒருவரே இப்படிக் கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் எப்படிப் பிழைப்பது என்று அடுத்த வாரமே ஒரு வாசகர் வருந்தி எழுதியிருந்தார். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் டாக்டரோ உரிமையே வேண்டாம் என்பவர் அல்லர். தம் முதல் நாவல் 2003-ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தபோதே கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும், படைப்பாளி தாம் விரும்பும் பயன்பாடுகளை மட்டும் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதிக்கும் உரிமத்தின்கீழ் அதனை இணையத்திலும் விலையின்றி அளித்தார். படிக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் வாசகரை அனுமதித்தார். விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதே பதிப்பகம் அவருடைய அடுத்தடுத்த நூல்களையும் வெளியிட்டது. யாரும் அறியாமல் போவதுதான் பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு நேரும் பெரிய இழப்பு என்பது அவர் வாதம். அது எவ்வளவு உண்மை என்பதை நான் கடலூரிலேயே கண்டேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருப் படிப்பகத்தின் ஓட்டுக்கூரை சிதறியது. நனைந்த நூல்களை நானும் சில மாணவர்களும் திண்ணையில் பரப்பி உலர்த்தினோம். அவற்றுள் ஒன்று, சிறுவர்கள் நிலவுக்குச் செல்வதாக எழுதப்பட்ட கதைநூல். தைத்திருந்த கம்பி துருவேறி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஈர்க்குச்சியை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ராக்கெட் என்ற சொல்லைச் சிறுவர்க்கு விளக்க, தீபாவளி வாணத்தில் தொடங்கி அந்த ஆசிரியர் எழுதியிருந்த இரண்டு பக்கங்களைப் போல் தெளிவான அறிவியல் தமிழை நான் வகுப்பில்கூடக் கற்பித்ததில்லை.

அதனை முழுவதும் தட்டச்சு செய்து, 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்துக்கோ அதுபோன்ற மின்னூல் தன்னார்வலர்களுக்கோ அளிக்க விரும்பினேன். பதிப்பகத்துக்கு எழுதிய கடிதம், விலாசதாரர் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. ஆசிரியரின் வாரிசுகள் யாரென்று தெரியவில்லை. அவர் மறைந்த ஆண்டும் தெரியாததால், ஆசிரியர் மறைந்தபின் உரிமை நீடிப்பதாக இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் 60 ஆண்டுகளை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதே விளங்கவில்லை. உரிமையாளரைக் கண்டறிய இயலாத நூல்களை வெளியிட அனுமதி கோருவதற்குச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பாக, நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளேடு ஒன்றில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. தமிழ்ச் சிறுவர் நூல் ஒன்றின் உரிமையாளரை ஆங்கில நாளேட்டில் தேடுவது எவ்வகையில் பொருந்தும்? அந்த விளம்பரச் செலவை ஒரு தெருப் படிப்பகம் எப்படித் தாங்கும்?

1957-ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் என்றே முதலில் வரையறுத்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் எவரும் வெளியிடக்கூடிய பொதுச்சொத்தாகும் தறுவாயில், 1992-இல் அது 60 ஆக உயர்த்தப்பட்டது. பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை கேட்பது 50 ஆண்டுகள் மட்டுமே. எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 2015-இல் மறைந்தார். இன்றைய சட்டக் கணக்கில் அவர் எழுத்துகளின் உரிமைக்காலம் 2075 இறுதிவரை நீள்கிறது. அவர் நூல்களுக்கு எக்காலத்திலும் பதிப்பாளர் கிடைப்பர். அத்தகைய புகழில்லாதவர்களின் நூல்களோ 60 ஆண்டு முடிவதற்குள் செல்லரித்துப் போகும்.

எழுத்தைப் பொதுவாக்குவது தமிழருக்குப் புதியதன்று. புதுச்சேரியில் 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை, நம் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1949-இல், அரசே பெற்றது. அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்கள், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கப்பட்டு நாட்டுடைமையாயின. அது நல்ல ஏற்பாடு. ஆயினும் பெயர் தெரிந்தவர்களையும், வாரிசுகள் முன்வருபவர்களையும் மட்டுமே அது சென்றடைகிறது.

ஆகவே கடலூர், புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதனை அவையில் எழுப்ப வேண்டுகிறேன். உரிமைக்காலத்தை மீண்டும் 50 ஆண்டுகளாக்க வேண்டும். நூல் எந்த மொழியிலோ அந்த மொழி நாளேட்டிலேயே அறிவிப்பு வெளியிட்டால் போதும் என்று 31ஏ பிரிவைத் திருத்த வேண்டும். வணிக நோக்கமற்ற நூலகங்களுக்கு அந்தச் செலவையும் விலக்க வேண்டும். வாழும் எழுத்தாளர் எவருக்கும் இதனால் ஒரு காசும் குறையாது. நான் தட்டச்சு செய்த பிரதி இன்னும் என் கணினியில் இருக்கிறது. மூலநூல் பாலித்தீன் உறையில், இரும்பு அலமாரியில் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.