தம்பிக்கு, போட் வாங்கறதுக்கு முன்னாடி

அன்புள்ள தம்பிக்கு,

நீங்க குடியிருக்க வாங்கலாம்னு அனுப்பின மூணு போட்டோட படத்தையும் பாத்துட்டேன், அப்பாவும் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பெருசு பண்ணி பாத்தார். மூணுமே அழகாத்தான் இருக்கு. ஆனா நீயும் மருமகளும் சோபா எங்க போடலாம், பெட்ரூம் எவ்ளோ பெருசுன்னு ஃபிளாட் பாக்கற மாதிரியே பாக்கறீங்க, அதுதான் எனக்கு கவலையா இருக்கு. போட்டுன்னா முதல்ல அது கெனால்ல எந்தெந்த லாக்குக்குள்ள, அதாவது தண்ணி மட்டம் மாறற எடத்துல போட்ட ஏத்தி எறக்கற கதவு வெச்ச தொட்டிக்குள்ள, போகும்னு கேக்கணும், சோபா எல்லாம் அப்புறம்தான்.

போன்ல நீ என்ன சொன்ன? வேலை லேப்டாப்லதான், குளிர்ல லண்டன்ல இருப்போம், கோடையில போட்லயே லெஸ்டர் சித்தி வீட்டுக்கு வருவோம், அப்படியே வடக்க லீட்ஸ் வரைக்கும் போவோம்னு சொன்ன. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா உனக்கு மனசுல நிக்கறது அந்த 60 அடி நீளம், 12 அடி அகலம் இருக்கற வைட்பீம். அதுல லெஸ்டருக்கு வரவே முடியாதுப்பா. லண்டன்ல இருந்து கிராண்ட் யூனியன் கெனால்ல மேல வரலாம், லாக் எல்லாம் 14 அடி அகலம்தான், பிளிஸ்வொர்த் டனலுக்கு மட்டும் முன்னாடியே புக் பண்ணணும், ஏன்னா எதிர்ல வர்றவங்கள நிறுத்தி வெச்சாத்தான் அகலமான போட் போக முடியும். அதையெல்லாம் தாண்டி நாங்க எங்க போட்ல இருக்கற பிரான்ஸ்டன் பக்கம் வந்து லெஸ்டர் பக்கம் திரும்பினா வாட்ஃபோர்ட்ல 7 லாக், அதுக்கப்புறம் ஃபாக்ஸ்டன்ல 10 லாக், எல்லாமே 7 அடி அகலம்தான். அங்கயே முடிஞ்சு போச்சு.

ஃபாக்ஸ்டன நீ வந்து ஒரு தடவை கண்ணால பாக்கணும். அஞ்சு அஞ்சா ரெண்டு அடுக்கு, படிக்கட்டு மாதிரி ஒரு லாக்கோட மேல் கதவுதான் அடுத்த லாக்கோட கீழ் கதவு, பக்கத்துல தண்ணி சேத்து வெக்கற குட்டை. தண்ணிய உள்ள விடற அடைப்புக்கு பேடில்னு பேர், அதுல சிவப்பு பெயின்ட் அடிச்சத முதல்ல தொறக்கணும், வெள்ளை அப்புறம்தான், மாத்தி தொறந்தா தண்ணி வழிஞ்சு பாழா போயிடும். எங்க போட் 6 அடி 10 அங்குலம் அகலம், உள்ள நுழையறப்ப சுவத்துக்கும் போட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல்தான் இருக்கும், அப்பா போட்ட திருப்பற டில்லர் கம்ப புடிச்சுக்கிட்டு மூச்சே விடாம நிப்பார். 1900ல பெரிய போட்டும் போகட்டும்னு அங்க நீராவி எஞ்சின் வெச்சு போட்ட அப்படியே மலையில இழுத்து ஏத்தற மேடையே கட்டினாங்க, ஆனா அந்தப் பக்கம் வாட்ஃபோர்ட் லாக்க யாரும் அகலப்படுத்தல, அதனால எதுக்குக் கட்டினாங்களோ அது நடக்கவே இல்ல, 1911லயே நிறுத்திட்டாங்க. ஒரு இடத்துல குறுகலா இருந்தா போதும், மிச்ச வழி எவ்ளோ அகலமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இதெல்லாம் 1760கள்ல ஜேம்ஸ் பிரிண்ட்லி பண்ணின முடிவு. மலைக்குள்ள டனல் வெட்டற செலவு, மேட்டு நெலத்துல தண்ணி கெடைக்கற கஷ்டம், ரெண்டையும் யோசிச்சு லாக்க 7 அடியா வெச்சார், நடு இங்கிலாந்து முழுக்க அந்த அளவுதான் நின்னு போச்சு. வடக்க லீட்ஸ் லிவர்பூல் கெனால் அகலமானதுதான், உன் வைட்பீம் அதுல போகும், ஆனா தெக்க இருக்கற அகல கெனாலுக்கும் வடக்க இருக்கறதுக்கும் நடுவுல குறுகலான வழிதான் இருக்கு. வைட்பீம கிரேன்ல தூக்கி லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும், அதுக்கு ஆகற செலவுல ஒரு வருஷம் நல்லா சுத்திட்டு வரலாம்.

வைட்பீமே கூடாதுன்னு நான் சொல்லலப்பா. லீ நதியிலயோ, இல்ல தேம்ஸ் வழியா ரெடிங் போய் அங்க இருந்து பிரிஸ்டல் வரைக்கும் போற கெனட் அண்ட் ஏவன் கெனால்லயோதான் இருக்கப் போறோம், கொழந்தை பொறந்தாலும் போட்லதான்னு நீங்க முடிவு பண்ணியிருந்தா நானே வைட்பீம்தான் வாங்குன்னு சொல்லியிருப்பேன். எங்களோடதுல உள்ள நிக்கற அகலம் 6 அடிதான், ஒருத்தர் சமைக்கறப்ப இன்னொருத்தர் தாண்டிப் போகணும்னா வயித்த உள்ள இழுத்துக்கணும். சூடு குடுக்கற ஸ்டவ் போட்டோட முன்பக்கம் இருக்கறதால அந்த நீளமான கூண்டுல சூடு பின்னாடி பெட்ரூம் வரைக்கும் வந்து சேராது, ஜனவரியில காலையில ஜன்னல் ஃபிரேம்ல தண்ணி முத்து முத்தா நிக்கும், தெனமும் துணி வெச்சு தொடைக்கணும். வைட்பீம்ல சூடு பரவலா நிக்கும், அது நெஜம்தான். ஆனா லண்டன்ல ரீஜென்ட்ஸ் கெனால்ல மூரிங், அதாவது போட்ட கட்டி நிறுத்தற எடம், கெடைக்கற பாடு உனக்கே தெரியும், ஒரு போட்டுக்கு பக்கத்துல இன்னொண்ண கட்டித்தான் நிக்கறாங்க, 12 அடிய கொண்டு போய் எங்க நிறுத்துவ? சொந்த மூரிங் இல்லன்னா 14 நாளைக்கு மேல ஒரே இடத்துல நிக்கக் கூடாது, 1995 சட்டத்துலயே இருக்கு, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்த எடம் தேடற வேலை வரும். லைசென்ஸ் கட்டணமும் கெனால்கள பாத்துக்கற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்ல அகலமான போட்டுக்கு கூடுதல், 2024 ஏப்ரல்ல இருந்து சொந்த மூரிங் இல்லாம சுத்தறவங்களுக்கும் கூடுதல், உனக்கு ரெண்டும் சேந்து வரும்.

நீளம் 57 அடிக்கு மேல வேண்டாம். லீட்ஸ் லிவர்பூல்ல லாக் 60 அடி சொச்சம்தான், யார்க்‌ஷயர் பக்கம் கால்டர் அண்ட் ஹெபிள்ங்கற வழியில அதவிட சின்னது, 57 அடி இருந்தா ஏறக்குறைய நாடு முழுக்க போகலாம். 70 அடியில உள்ள எடம் தாராளமாத்தான் இருக்கும், ஆனா வடக்க பாதி கெனால் உனக்கு இல்லன்னு ஆயிடும்.

இப்ப ஸ்டெர்ன், அதாவது பின்பக்கம். இதுல மருமகளுக்கும் சேத்து சொல்றேன், ஏன்னா வாங்கறப்ப இத யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க, ஆனா ஓட்டற நேரம் முழுக்க அங்கதான் நிக்கப் போறீங்க. டிராட், குரூசர், செமி-டிராட்னு மூணு விதம். டிராட்னா பழைய பாணி, பின்னாடி டெக் ஒரு ஆள் நிக்கற அளவுதான், ஓட்டறவங்க ஹேட்ச்ங்கற பின்வாசலுக்குள்ளயே நின்னுக்கலாம், குளிர்ல கீழ எஞ்சின் சூடு கால்ல ஏறும், இடுப்புக்கு மேலதான் காத்து அடிக்கும். உள்ள எடமும் கூட. ஆனா ஒருத்தர் தனியாத்தான் நிக்கணும், இன்னொருத்தர் டீ கொண்டு வந்து குடுத்துட்டு உள்ள போயிட வேண்டியதுதான். குரூசர்ல பின்னாடி முழுசா தொறந்த டெக், நாலு பேர் நின்னு பேசிக்கிட்டே போகலாம், கோடைக்கு அத அடிச்சுக்க ஆளில்ல. மழைன்னா நாலு பக்கமும் அடிக்கும், எஞ்சினுக்கு மேல இருக்கறது வெறும் பலகைதான், ஓரத்துல தண்ணி வடியற பள்ளம் அடைச்சுக்கிச்சுன்னா நேரா எஞ்சினுக்குள்ள எறங்கிடும், கேபினுக்குள்ள எடமும் அஞ்சாறு அடி கொறஞ்சிடும். கூடாரம் மாதிரி ஹுட் போட்டுக்கறாங்க, ஈர செருப்பு, நனைஞ்ச கோட்டு போட ஒரு திண்ணை கெடைச்ச மாதிரி இருக்கும், ஆனா ஓட்டறப்ப அத மடிச்சாகணும்.

செமி-டிராட்தான் எனக்கு உங்க ரெண்டு பேருக்கும் சரின்னு படுது. வெளிய இருந்து பாத்தா டிராட் மாதிரியே தெரியும், கேபின் சுவர் ரெண்டு பக்கமும் பின்னாடி வரைக்கும் வரும், மேல மட்டும் தொறந்திருக்கும். உள்ள ரெண்டு பக்கமும் பெட்டி, அதுக்கு மேல உக்காரலாம், காத்து முதுகுல படாது. நீ ஓட்டறப்ப அவ பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு வரலாம், கொழந்தைங்க வந்தாலும் சுவர் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் சுத்தறோம், அந்தப் பெட்டி மேல உக்காந்து பேசின பேச்சு வீட்ல இருந்த வரைக்கும் பேசினதில்ல.

நீ அனுப்பின டச்சு பார்ஜ் கண்ணுக்கு ரொம்ப நல்லா இருக்கு, வீல்ஹவுஸ்ங்கற மூடின அறைக்குள்ள உக்காந்தே ஓட்டலாம், தேம்ஸ் மாதிரி பெரிய ஆத்துக்கு அதுதான் லாயக்கு, ஆனா அகலம் வைட்பீம் கதைதான், கெனால்ல பாலம் வந்தா வீல்ஹவுஸ கழட்டி மடக்கவும் வேணும். உனக்கு வேண்டாம். ஃபைபர் குரூசர்னு இரும்பு இல்லாம ஃபைபர்ல செஞ்ச போட் இருக்கு, அது வெல கம்மி, வருஷம் பூரா தங்க குளிர் தாங்காது.

எந்த ஸ்டைலா இருந்தாலும் இரும்புதான் காசு. 10-6-4ன்னு கேளு, அடித்தட்டு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கேபின் 4. வெளிய தூக்கி வெச்சு சர்வே பண்ணாம ஒரு பென்ஸ்கூட அட்வான்ஸுக்கு மேல குடுக்காத. சர்வேயர் தார் பூச்ச அங்கங்க சொரண்டிட்டு மிஷின் வெச்சு கனம் பாப்பார், எங்கயாவது 4க்கு கீழ வந்தா நிறைய இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பிளாக்கிங், அதாவது அந்தத் தார் பூச்சு, பண்ணினாங்களான்னு பில் கேளு, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கற போட் சேஃப்டி சர்ட்டிபிகேட் எப்ப முடியுதுன்னும் பாரு. டாய்லெட் கேசட்டா, அதாவது கழட்டி எடுக்கற சின்ன தொட்டியா, இருந்தா நல்லது, பம்ப் வெச்சு உறிஞ்சற பம்ப்-அவுட் டேங்க் நெறைஞ்ச நேரம் பாத்து கெனால் உறைஞ்சிருந்தா நகரவே முடியாது, கேசட்ட கையில தூக்கிட்டு நடந்தே போகலாம்.

சனிக்கிழமை அந்த மூணாவது படத்துல இருக்கற 57 அடி செமி-டிராட்டப் போய் பாருங்க. நாங்க வர்ற வரைக்கும் எஞ்சின ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு விக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடு, ஆறிப்போன எஞ்சின் எப்படி கெளம்புது, எவ்ளோ புகை விடுதுன்னு பாக்கணும். பின் டெக் பலகைய தூக்கி எஞ்சினுக்கு அடியில தண்ணியோ டீசலோ நிக்குதான்னு பாரு, பெட்டுக்கு கீழயும் கை விட்டு ஈரம் இருக்கான்னு பாரு. புடிச்சிருந்தா சர்வே தேதிய மட்டும் எனக்கு சொல்லு, அப்பா ட்ரெயின் புடிச்சு வந்துடறேன்னு சொல்றார். மருமகளுக்கு கனமான கையுறை ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், லாக்ல கயிறு புடிக்க ஆகும், அவர்கிட்ட குடுத்து விடறேன்.

அன்புடன்,
அம்மா