ஆட்டிட்யூட் என்றால் திமிர் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெற்றோர் கூட்டத்தில் என் மகளைப் பற்றி 'ஆட்டிட்யூட் ஜாஸ்தி' என்றார்கள். விடைத்தாளில் கூட்டலில் விட்டுப்போன 2 மதிப்பெண்ணை எழுந்து நின்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஓவியத்திலும் சிலையிலும் உருவம் நிற்கிற நிலையைத்தான் குறித்தது, மனம் நிற்கிற நிலை என்ற பொருள் அப்புறம் சேர்ந்தது, செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கும் இன்றைக்கு அதே சொல்தான். திமிர் என்ற பொருள் ரொம்பப் பிந்தியது. சரி, அது ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் நம் பேச்சில் அது ஒன்றுதான் தங்கிவிட்டது, அதுவும் கேள்வி கேட்கிற பெண் பிள்ளைகள் மேல்தான் உடனே பாய்கிறது. உங்கள் நாளிதழிலாவது மனப்பாங்கை மனப்பாங்கு என்றும் திமிரைத் திமிர் என்றும் எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்